இரண்டு வயது, பதினைந்து கிலோ

பீரோ திறக்கவில்லை.

திரையில் மூன்றாவது முறையாக அதே சிவப்பு எழுத்து வந்து நின்றது. ‘மயக்கம் தரத் தகுதியில்லை. வேறு சிகிச்சை முறையை ஆலோசிக்கவும்.’ டாக்டர் ஆவுடைச்செல்வி அதைப் படித்துவிட்டு மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். காட்டுப்பன்றி குத்திய நாய். வயிறு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, குடல் வெளியே வந்து, உப்புநீரில் நனைத்த துணிக்குள் கிடந்தது. இதற்கு வேறு என்ன சிகிச்சை முறையை ஆலோசிப்பதாம்? கஷாயமா?

“யம்மா, என்னம்மா சொல்லுது அது?” என்றாள் சண்முகக்கனி. நாற்பது ஆடுகளை மேய்த்துப் பிழைக்கிறவள். நாயைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். சேலை முழுக்க ரத்தம்.

“யோசிக்கி. கொஞ்சம் பொறு தாயி.”

“அது என்னத்த யோசிக்கணும்? துரைக்கு ரெண்டு வயசுதாம்மா ஆவுது. ஒரு நாளு சோர்ந்து படுத்ததில்ல. ராத்திரி பட்டியில பன்னி ஏறுச்சுன்னா இவன் ஒருத்தன்தான் நிப்பான்.”

ஆவுடைச்செல்வி துணியில் இன்னும் கொஞ்சம் உப்புநீர் ஊற்றினாள். நாயின் வயது இரண்டு என்பதுதான் இங்கே சிக்கலே. அதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அரசாணையில் அதற்கு ‘மயக்க மருந்துத் தேர்வகம்’ என்று பெயர். ஆணையைப் படித்தவர்கள் சொற்பம். சாம்பல் நிறத்தில் இரும்புக் கதவோடு ஆள் உயரத்துக்கு நின்றதால் எல்லோரும் பீரோ என்றே சொன்னார்கள். உள்ளே நான்கு இழுப்பறைகள். கீட்டமின், தயோபென்டோன், எட்டோமிடேட், பிறகு பால் போல வெள்ளையாக இருப்பதால் ‘பால் மருந்து’ என்று ஆகிவிட்ட புரோபோஃபால். பிராணியின் இனம், வயது, எடை, இதயம், ரத்தம் எல்லாவற்றையும் உள்ளிட்டால், எந்த மருந்து, எத்தனை மில்லி என்று பீரோவே முடிவு செய்து, ஊசிக்குழலில் நிரப்பி வெளியே தள்ளும். மீதமானதைத் திருப்பி வைத்தால் எவ்வளவு செலவானது, பிராணி பிழைத்ததா செத்ததா என்று குறித்துக்கொள்ளும். மாநிலம் முழுக்க முந்நூறு பீரோக்கள். ஒன்று கற்றுக்கொண்டதை மற்றவையும் தெரிந்துகொள்ளும்.

பொய் சொல்லக் கூடாது, முதல் வருஷம் அது நல்லதே செய்தது. அதற்கு முன்னால் மயக்க மருந்து என்பது அவரவர் கைப்பழக்கமாக இருந்தது. கீட்டமினைத் தவிர வேறெதையும் தொடாத டாக்டர்கள் உண்டு. மெலிந்த வேட்டை நாய்க்குத் தயோபென்டோனைப் போட்டுவிட்டு, அது எப்போது எழும் என்று சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூத்தும் உண்டு. அதெல்லாம் நின்றது. பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான், மேஜையில் பிராணி செத்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண் குறையும் என்று ஒரு விதியைச் சேர்த்தார்.

பீரோ அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. சாகாமல் இருக்க ஒரே வழி, சாகக்கூடியதைத் தொடாமல் இருப்பது. வயதான நாய், இதயம் பழுதான நாய் எதுவானாலும் ‘தகுதியில்லை’. கர்ப்பப்பையில் சீழ் வைத்து வந்த பன்னிரண்டு வயது நாய்க்கும் தகுதியில்லை. வீட்டுக்குப் போய்ச் சாகலாம். அப்படிச் செத்தால் மதிப்பெண் குறையாது.

அந்தப் பன்னிரண்டு வயது நாயைத் திருப்பி அனுப்ப ஆவுடைச்செல்விக்கு மனசு வரவில்லை. விண்ணப்பத்தில் ஒன்றையும் மாற்றாமல் விட்டால், பட்டியலில் முதலாவதாக இருப்பதே பதிவாகும்: நாட்டு நாய், ஆண், இரண்டு வயது, பதினைந்து கிலோ, ஆரோக்கியம். அவள் அப்படியே விட்டு அழுத்தினாள். பால் மருந்து வெளியே வந்தது, வாலிப நாய்க்கான முழு அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், சொட்டுச் சொட்டாக, நாயின் கண்ணையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துச் செலுத்தினாள். நாய் தூங்கியது. பிழைத்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினாள்: ‘எதையும் மாத்தாம அப்படியே அழுத்துங்க, திறக்கும்.’

அந்த ஒரு வரிதான் இப்போது வந்து நிற்கிறது.

மூன்று வருஷமாக முந்நூறு ஆஸ்பத்திரியிலும் அப்படியே அழுத்தினார்கள். இதயம் வீங்கிய பாமரேனியன், சிறுநீரகம் போன அல்சேஷன், மூச்சுத் திணறும் பக் நாய் எல்லாம் பீரோவின் புத்தகத்தில் இரண்டு வயது நாட்டு நாயாகவே போய்ச் சேர்ந்தன. சில பிழைத்தன, சில செத்தன. போன மாதம் பீரோவில் ஒரு கேமரா வைத்தார்கள். பல்லைப் பார்த்து வயதையும், உருவத்தைப் பார்த்து இனத்தையும் அதுவே கண்டுபிடித்துவிடும். இனி யாரும் பொய் சொல்ல முடியாது. சொன்ன பொய்கள் மட்டும் உள்ளே பத்திரமாக உண்மையாக இருக்கின்றன.

“அக்கா, அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுத் தைக்கலாமா?” என்றாள் டாக்டர் ஹெப்சிபா. எட்டு வருஷம் கோழி நோய்த் தடுப்பில் இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவள். பீரோ கொடுத்தால் போடுவாள், கொடுக்காவிட்டால் போடமாட்டாள். பொய்ப் பதிவு ஒன்றுகூடச் செய்ததில்லை. அந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போன நாட்களும் உண்டு.

“குடலை உள்ள தள்ளும்போது உதறினா, மிச்சமும் வெளிய வந்துரும் ஹெப்சி.”

“அப்ப என்ன செய்ய?”

“நான் பண்ணின பாவத்துக்கு நானே போன் போடுதேன்.”

தலைமையகத்தில் தரவுப் பிரிவு அலுவலர் ஜெயசீலன் நான்காவது முயற்சியில் எடுத்தார். குரல் மட்டும் மென்மையான மனுஷர். ஆவுடைச்செல்வி விவரத்தைச் சொன்னாள்.

“மேடம், பீரோ சரியாத்தான் சொல்லுது. உங்களுக்கே தெரியுமே, அந்த வயசு நாட்டு நாய்தான் நம்ம மாநிலத்துல ரொம்ப ஆபத்தான பிரிவு. பதிமூணு சதவீதம் மேஜையிலேயே போயிடுது. அதான் இந்த வாரம் அந்தப் பிரிவையும் பீரோ மூடிடுச்சு.”

“யாரு சொன்னா?”

“தரவு சொல்லுது. வெளிநாட்டுலேர்ந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து எடுத்துட்டுப் போனாங்க. நாட்டு நாய்க்கு இதயத்துல பிறவிக் கோளாறு இருக்கலாம்னு கட்டுரையே வந்தாச்சு. நீங்க சுற்றறிக்கை பார்க்கலையா?”

பார்த்திருந்தாள். சுவரிலேயே ஒட்டியிருந்தது. ‘நாட்டு நாய் வளர்ப்போர் கவனத்துக்கு: இதயப் பலவீனம் ஓர் எச்சரிக்கை.’ அதைப் படித்துவிட்டு ஒரு ஆசிரியர் குடும்பம், எடுத்து வளர்த்த குட்டியைத் திரும்பத் தெருவில் விட்டுவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். பன்றியோடு மல்லுக்கு நிற்கிற நாய்ச் சாதிக்கு இதயப் பலவீனமாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யார் தலையில் என்பதுதான் கேள்வி.

“சார், அந்த நாய்ங்க நாட்டு நாயே இல்ல. ரெண்டு வயசும் இல்ல. நாங்க மாத்தாம அழுத்தினோம்.”

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், இதை நான் கேட்கலைன்னு வச்சுக்கிறேன்.”

“கேளுங்க சார். கேட்டாத்தான் திறக்கும். திறக்கணும்னா என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.”

“ஒவ்வொரு பீரோவும் முதல்ல தன்னோட ஆஸ்பத்திரிப் பதிவைத்தான் பார்க்கும். அங்க போதுமான அளவுக்கு இல்லைன்னாதான் மாநிலப் பதிவுக்குப் போகும். உங்க ஆஸ்பத்திரியில மட்டும் தப்பானதை எடுத்துட்டு, சரியானதை வச்சா, ஒருவேளை திறக்கலாம். ஆனா எது தப்புன்னு எப்படித் தெரியும்?”

“எங்கிட்ட இருக்கு.”

அது உண்மை. பொய்யாகப் பதிந்த ஒவ்வொரு நாயின் உண்மையான வயதையும் நோயையும் அவள் ஒரு பழைய டயரியில் எழுதி வைத்திருந்தாள். திரும்பத் தையல் பிரிக்க வரும்போது எந்த நாய்க்கு எந்த நோய் என்று தெரிய வேண்டாமா? அறுபத்து மூன்று நாய்கள். அவற்றில் ஐந்து பிழைக்கவில்லை. அந்த ஐந்தின் முகமும் அவளுக்கு நினைவிருந்தது.

“மேடம், நிதானமா யோசிங்க. நீங்க கையெழுத்து வச்ச நிமிஷமே உங்க அடையாள எண் முடங்கிடும். மருந்துப் பதிவுல பொய்னா பணியிடை நீக்கம் தானா வந்து விழும். நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது. ஒரு நாய்க்காக இருபத்தாறு வருஷ சர்வீஸை...”

“உங்களுக்கு அது ஒரு நாய். அந்தம்மாவுக்கு நாற்பது ஆடு சார்,” என்றாள். சொன்ன பிறகு, அதுவும் முழு உண்மையில்லை என்று பட்டது. ஆடு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவள் இதைத்தான் செய்திருப்பாள். ஒன்றும் செய்யாமல் இந்த நாயைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

டயரியைப் பக்கம் பக்கமாகப் பீரோவின் கேமராவில் காட்டினாள். ஹெப்சிபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துணி காயக் காய உப்புநீர் ஊற்றியபடி சண்முகக்கனி நாயின் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நாயின் ஈறு வெளுத்துக்கொண்டு வந்தது. பதினேழாவது பக்கத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து காட்டச் சொன்னது. ஆவுடைச்செல்வி சுவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ஹெப்சிபா அதைக் கேட்காதது போல இருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கட்டைவிரலைத் திரையில் வைத்தாள். ‘உங்கள் வாக்குமூலம் ஏற்கப்பட்டது.’ அதன் கீழேயே இன்னொரு வரி: ‘உங்கள் அடையாள எண் செல்லாது.’ இருபத்தாறு வருஷம் இரண்டு வரிக்குள் முடிந்தது. பீரோ ஒரு நிமிஷம் முனகியது. நான்காவது இழுப்பறை வெளியே வந்தது. ஊசிக்குழலில் ஒன்பது மில்லி பால் மருந்து.

ஆவுடைச்செல்வி கை நீட்டினாள். இழுப்பறை உள்ளே போய்விட்டது.

“அக்கா, நீங்க தொட்டா மூடிக்கிடும். தள்ளுங்க,” என்று ஹெப்சிபா தன் விரலை வைத்து மருந்தை எடுத்தாள். நரம்பில் ஏற்கெனவே போட்டிருந்த குழாயில் ஊசியைப் பொருத்தி, கட்டைவிரலை அழுத்தப் போனாள்.

“ஏ, ஏ! என்ன செய்யுத?”

“மருந்து போடுதேன்.”

“ஒரே அமுக்கா?”

“அதுதானே குடுத்திருக்கு. ஒன்பது மில்லி. எப்பவும் இப்படித்தான் போடுவேன்.”

ஆவுடைச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் தடித்த வாலிப நாய்களுக்கு மட்டுமே ஹெப்சிபா மருந்து போட்டு வந்தாள். அவை தாங்கிக்கொண்டன. இது பாதி ரத்தத்தை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

“பால் மருந்தை வேகமாத் தள்ளினா மூச்சு நின்னுரும் ஹெப்சி. ரத்த அழுத்தம் கீழ விழுந்துரும். ஒன்றரை நிமிஷம் ஆகணும். ஒரு மில்லி போடு, நிறுத்து. கண்ணைப் பாரு. அப்புறம் அடுத்தது. நான் எண்ணுதேன்.”

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இரண்டு மில்லியில் துரை தலையைச் சாய்த்தது. நான்கில் நாக்கு தளர்ந்தது. ஐந்தில் கண்ணைத் தொட்டும் இமைக்கவில்லை.

“போதும்.”

“இன்னும் நாலு இருக்கே?”

“இருக்கட்டும். நாய் தூங்கியாச்சு. அப்புறம் யாருக்கு?”

ஹெப்சிபா மூச்சுக்குழாயைச் செருகி, தூக்கம் கலையாதிருக்க மயக்க வாயுவைத் திறந்துவிட்டாள். குடலில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஆவுடைச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்று, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனசு பதற, கை சும்மா இருப்பது பெரிய தண்டனை. ஒன்றரை மணிக்கு வெளித்தோல் தையல் முடிந்தது. இரண்டு மணிக்கு முன்னால் துரை ஈனமாக ஒரு முறை முனகி, வாலை மேஜையில் தட்டியது. சண்முகக்கனி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“அக்கா,” என்றாள் ஹெப்சிபா கையுறையைக் கழற்றியபடி. “நீங்க பொய்யா எழுதினீங்கன்னு எத்தனை நாள் உங்க முகத்துல முழிக்காம இருந்தேன். இன்னைக்கும் அது சரின்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்லாத.”

“டீ குடிக்கீங்களா?”

டீ வருவதற்குள் ஜெயசீலன் அழைத்தார். குரலில் இருந்த உற்சாகம் அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

“மேடம், ஒரு நல்ல செய்தி. உங்க கஷ்டம் வீண் போகலை. உங்க அறுபத்து மூணு நாயையும் சரியான பிரிவுக்கு மாத்தினோமா, வயசான நாய், இதயக் கோளாறுன்னு. மதிப்பெண் விதி வந்ததுக்கு அப்புறம் அந்தப் பிரிவுல மாநிலத்துலயே ஒரு பதிவுகூட இல்ல. எல்லாரும்தான் ரெண்டு வயசுன்னு அழுத்திட்டாங்களே. இப்போ முதல் தடவையா அறுபத்து மூணு வந்திருக்கு. அதுல அம்பத்தெட்டு பிழைச்சிருக்கு. பீரோ அதைக் கத்துக்கிச்சு.”

“கத்துக்கிட்டு?”

“வயசான நாய்க்கெல்லாம் திறக்குது மேடம்! மாநிலம் முழுக்க. பால் மருந்து, மூணுல ஒரு பங்கு அளவு. கேமரா வந்த நாள்லேர்ந்து திருப்பி அனுப்பினதையெல்லாம் வரச் சொல்லிக் குறுஞ்செய்தி தானாப் போயிடுச்சு. ஒரு மணி நேரத்துல பதினேழு நாய் மேஜைக்கு வந்தாச்சு.”

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“சார், மூணுல ஒரு பங்கை எவ்வளவு நேரத்துல போடணும்னு அதுல இருக்கா?”

“நேரமா?”

“நான் ஒவ்வொரு நாய்க்கும் ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டேன். சிலதுக்கு மூணு. மூச்சைப் பார்த்துப் பார்த்து. அதனாலதான் பிழைச்சுது. மருந்து கம்மியானதால மட்டும் இல்ல.”

“மேடம், பீரோவுக்கு எத்தனை மில்லின்னுதான் தெரியும். எவ்வளவு நேரம்னு எழுதுறதுக்குக் கட்டமே கிடையாதே.”

“அப்ப ஒரு கட்டம் போடுங்க! இல்ல, எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்புங்க. மெதுவாப் போடுங்கன்னு. ரெண்டே வார்த்தை சார்.”

“மருத்துவ ஆலோசனையை நான் அனுப்ப முடியாது. ஒரு டாக்டர் பேர்ல குறிப்பு வரணும்.”

“என் பேர்ல அனுப்புங்க.”

அவர் தயங்கினார். “உங்க எண்தான் செல்லாதே மேடம்.”

“ஹெப்சிபா பேர்ல அனுப்புதோம். பக்கத்துலதான் இருக்கா.”

“அனுப்பச் சொல்லுங்க. நிபுணர் குழு பார்த்து, ஒப்புதல் குடுத்து... ஒரு நாலு நாள்ல போயிடும்.”

நாலு நாள். ஒரு மணி நேரத்துக்குப் பதினேழு என்றால் நாலு நாளைக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்க அவள் விரும்பவில்லை. போனை வைத்துவிட்டு டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். கீழே எழுதுகிற இடமே இல்லை. ‘நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டீர்கள்.’ நேரம் பன்னிரண்டு ஐந்து. வாக்குமூலம் கொடுத்து இருபதே நிமிஷத்தில். அவள் உண்மையைச் சொன்னால் அடுத்த விசாரணை யார் மேல் வரும் என்று அவர்களுக்கும் கணக்குத் தெரியும்தானே. மூன்று வருஷம் ‘மேடம் நீங்க தெய்வம்’ என்று கை கூப்பும் பொம்மை போட்டவர்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“ஹெப்சி, குழுவுல உன் பேர் இருக்குல்லா? ஒரு வரி போடு.”

“நான் அந்தக் குழுவுலயே கிடையாதே அக்கா. பொய் எழுதச் சொல்லிக் குடுக்காங்கன்னு முதல் மாசமே வெளிய வந்துட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிக்க முடியவில்லை.

“சரி. நீ குறிப்பை எழுதி அனுப்பு. நாலு நாளோ நாற்பது நாளோ, போகட்டும்.” ஆவுடைச்செல்வி தன் போனில் இருந்த பெயர்களை மேலே தள்ளினாள். முந்நூறில் நூற்றிருபது பேர் எண்ணாவது இருக்கும். முதல் ஆளை அழைத்தாள். மணி அடித்து நின்றது. இரண்டாவது ஆள் துண்டித்தார். மூன்றாவது, நான்காவது எண்களில் ‘பிஸி’ என்று வந்தது. ஐந்தாவது ஆளிடம் அவள் தன் பெயரைச் சொன்னதும், “நான் உங்களுக்கு அப்புறம் பேசுதேன் மேடம், இப்ப போன்ல எதுவும் பேச வேண்டாம்” என்று பயந்த குரலில் வைத்துவிட்டார்.

பதினொன்றாவது எண், கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் டாக்டர் மரியசூசை. ஒரே தடவை மாநாட்டில் பார்த்துப் பேசிய மனுஷர். எடுத்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தமும் இரும்புத் தட்டுச் சத்தமும் கேட்டன.

“சார், ஆவுடைச்செல்வி பேசுதேன். தயவுசெஞ்சு வச்சிராதீங்க. விசாரணையப் பத்தி ஒண்ணும் பேசல. வயசான நாய் ஏதாவது வந்தா பால் மருந்தை மெதுவாப் போடுங்க. ரெண்டு நிமிஷம் எடுத்துக்கோங்க. அவ்வளவுதான்.”

“அடடே, மேடம்! உங்களாலதான் இன்னைக்குப் பீரோ திறந்துச்சுன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம். பதினாலு வயசு நாய், ஒரு மாசமா அலைய விட்டிருந்தோம்.” அவர் குரலில் நிஜமான நன்றி இருந்தது. “மூணு மில்லிதானே மேடம், இந்தா, இப்பத்தான் ஒரே தள்ளாத் தள்ளினேன். அழகாத் தூங்கிட்டான். ஏன்?”

“நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க சார்,” என்றாள் ஆவுடைச்செல்வி.

போன் மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள்.